சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் குழுவாகச் சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து எட்டு நாளில் அதைச் சைக்கிளில் கடப்பதற்கான வழியை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இந்தப் பாதையில் நான்கு முறை குழுவோடு சென்றிருக்கிறேன். இரண்டு முறை ஒருங்கிணைப்புப் பொறுப்பும் என்னுடையது. பாதியில் பேருந்து ஏறித் திரும்பியவர்களில் கால் வலியால் திரும்பியவர்கள் மிகக் குறைவு. புறப்படும் முன்பே பேசியிருக்க வேண்டியவற்றைப் பேசாமல் விட்டதுதான் பெரும்பாலோரின் பயணத்தை முறித்தது. அதனால்தான் சைக்கிளைப் பற்றிய பகுதி ஐந்தாவதாக வருகிறது.

1. முதலில் ஆட்கள், பிறகு தேதி

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு நாளில் தமக்காக இரண்டே முறை, பத்துப் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னாலும், எட்டுப் பேருக்கு அது 160 நிமிடம் ஆகிறது. பன்னிரண்டு பேரானால் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தை வெயிலில் ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு வேகமாகப் போவீர்கள்?" என்பதல்ல. "அடுத்தடுத்து இரண்டு நாள் 80 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பி.ஆர்.எம். எனப்படும், நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடித்தவர்கூட, மறுநாள் காலையில் அதே இருக்கையில் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வலிமை வேறு. நாள்தோறும் எழுந்து ஓட்டும் வலிமை வேறு.

2. எழுதி வைக்க வேண்டிய உடன்பாடுகள்

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசி, பேசியதை எழுதி, எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். களைத்துப்போன மனிதன் தன் நண்பனிடம் எப்படிப் பேசுவான் என்பது ஐந்தாம் நாள் மாலையில்தான் தெரியவரும். அதற்கு முன்பே முடிவாகியிருந்தால் அப்போது வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

முதல் உடன்பாடு வேகம் பற்றியது: குழுவின் வேகம் கடைசியில் வருபவரின் வேகம். வேகமாகச் செல்லக்கூடியவர்கள் இதை மனமார ஏற்க வேண்டும். ஏற்க முடியாதவர் தனியாகப் போவது எல்லோருக்கும் நல்லது.

இரண்டாவது, காத்திருக்கும் இடம். ஒவ்வொரு 25 கிலோமீட்டருக்கும், ஊர் பிரியும் ஒவ்வொரு சந்திப்பிலும், முன்னால் போனவர் நிற்க வேண்டும். என் முதல் பயணத்தில் இந்த விதி இல்லை. காரைக்காலுக்கு முன்பாக நான்கு பேர் புறவழியில் திரும்பினார்கள், மூன்று பேர் ஊருக்குள் போனார்கள். ஒவ்வொரு பிரிவும் மற்றவர்கள் பின்னால் வருவதாக நினைத்துக் காத்திருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் வழக்கம் ஓட்டும்போது யாருக்கும் இல்லாததால் இரண்டு மணி நேரம் வீணானது. அதைவிடப் பெரிய இழப்பு, அன்றிரவு சாப்பாட்டு மேசையில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தது.

மூன்றாவது, பணம். எல்லோரிடமும் சம தொகையை முன்கூட்டியே வாங்கிப் பொதுப்பணமாக ஒருவர் வைத்திருக்கட்டும். தேநீர், சாப்பாடு, அறை எல்லாம் அதிலிருந்தே போகட்டும். வழியில் கணக்குப் பார்த்துப் பிரிப்பது சிறு கசப்புகளை வளர்க்கும்.

நான்காவது, நிறுத்தும் அதிகாரம். மழை, விபத்து, இருட்டு ஆகியவற்றில் "இன்று இத்துடன் போதும்" என்று சொல்ல ஒருவருக்கு மட்டும் உரிமை தாருங்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. யார் வேண்டுமானாலும் எந்த நாளும் பேருந்து ஏறலாம், அதை எவரும் குறையாகப் பேசக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இந்த வரி இருந்த பயணங்களில்தான் பேருந்து ஏறியவர்கள் குறைவாக இருந்தார்கள்.

3. மாதமும் காற்றும்

ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி இறுதி வரை சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காற்று வடகிழக்கிலிருந்து வீசி உங்கள் முதுகைத் தள்ளும். இந்தப் பாதை தெற்காகவும் தென்மேற்காகவும் செல்வதால் இது பெரிய உதவி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று; ராமநாதபுரத்துக்குப் பிறகு அது நேர் எதிரில் நிற்கும். அந்தக் காலத்தில் செல்ல வேண்டியிருந்தால் கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே வாருங்கள்.

பொங்கல் வாரத்தைத் தவிர்க்கவும். காணும் பொங்கலன்று சென்னை முதல் மாமல்லபுரம் வரை சாலை நிரம்பி வழியும். தைப்பூசத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூரில் அந்நாட்களில் அறை கிடைப்பது அரிது, சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரை செல்வோர் நடந்துகொண்டிருப்பார்கள்.

4. நாள்வாரியான பாதை

கீழே உள்ள தூரங்கள் ஏறத்தாழச் சொன்னவை. ஊருக்குள் சுற்றுவதைப் பொறுத்துச் சில கிலோமீட்டர் கூடும்.

முதல் நாள் திருவான்மியூர் முதல் புதுச்சேரி வரை, 145. இரண்டாம் நாள் சிதம்பரம், 70. மூன்றாம் நாள் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி, 100. நான்காம் நாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டை, 90. ஐந்தாம் நாள் மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம், 135. ஆறாம் நாள் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி, 120. ஏழாம் நாள் திருச்செந்தூர், வெறும் 40. எட்டாம் நாள் மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி, 90.

நீண்ட நாளையும் குறுகிய நாளையும் இப்படி மாற்றி வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் நாள் உற்சாகம் 145 கிலோமீட்டரைத் தாங்கும், ஆனால் இரண்டாம் நாள் உடல் அதற்கான விலையைக் கேட்கும்; அன்று 70க்கு மேல் வைத்தால் மூன்றாம் நாள் குழு உடையும். ஐந்தாம், ஆறாம் நாட்கள் கடினமானவை என்பதால் ஏழாம் நாளைக் கிட்டத்தட்ட ஓய்வாக விட்டிருக்கிறேன். புதியவர்கள் செய்யும் பெருந்தவறு, 800ஐ ஆறால் வகுத்து நாளொன்றுக்கு 133 என்று தாளில் போட்டுவிடுவது.

அறைகளை முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சைக்கிள்களை உள்ளே, பூட்டக்கூடிய இடத்தில் வைக்க முடியுமா என்பது. தரைத்தள அறை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுங்கள். தொலைபேசியில் சம்மதித்துவிட்டு நேரில் மறுத்த விடுதி ஒன்றின் வாசலில், இரவு எட்டு மணிக்கு ஏழு சைக்கிள்களோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. பதிவு செய்யும்போதே இந்தச் சம்மதத்தை எழுத்தில் குறுஞ்செய்தியாக வாங்கிவிடுங்கள்.

5. சைக்கிளைத் தயார்செய்தல்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை; உங்களுக்குப் பொருந்திய சைக்கிள் தேவை. குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடலை அடிவரை இறக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சிறு மடிப்பு இருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் மூன்றாம் நாள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். அளவு சரியானதும் சீட் கம்பியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், ரயிலில் ஏற்றி இறக்கும்போது மாறிவிடும்.

டயரின் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 32 இன்னும் நல்லது. இந்தப் பாதையில் சாலை விரிவாக்கம் நடக்கும் இடங்களில் ஜல்லி பரப்பிய மாற்றுவழிகள் வரும். புது டயரைப் பயணத்துக்கு முதல் நாள் மாட்டாதீர்கள், 200 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். புது இருக்கை, புதுக் காலணி எதற்கும் இதே விதிதான்.

குழுவில் எல்லோருடைய டியூப் அளவும் வால்வு வகையும் ஒன்றாக இருந்தால் எந்த டியூபும் யாருக்கும் உதவும். ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள சிறிய ஊர்களின் கடைகளில் 700சி என்னும் சக்கர அளவுக்கான டியூப் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால், பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க உதவும் சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்னும் சிறு துண்டு ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். அவரவர் சைக்கிளுக்கு உரியதை அவரவர் கொண்டுவர வேண்டும். சைக்கிள் வலப்புறம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான்.

6. பயிற்சி

எட்டு வாரம் போதும். கடைசி நான்கு வாரங்களில், சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். சனிக்கிழமை 80, ஞாயிறு 60. இவற்றில் இரண்டு வாரமாவது முழுக் குழுவும், முழுச் சுமையோடும் ஓட்ட வேண்டும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சென்று திரும்புவது இதற்குத் தோதான தூரம். யார் சமிக்ஞை தர மறக்கிறார், யார் சாப்பிடாமல் ஓட்டுகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

7. சுமை

ஆளுக்கு ஆறு கிலோவுக்குள் அடக்குங்கள். ஓட்டும் உடை இரண்டு, இரவுக்கு ஒன்று. தினமும் துவைத்துக் காயவைப்பதே வழி. பேடு வைத்த அரைக்காற்சட்டைக்கு உள்ளே உள்ளாடை அணியக் கூடாது. தையல் உரசித்தான் புண் வருகிறது. முதுகுப் பையில் எதையும் சுமக்காதீர்கள், எடை முழுவதும் இருக்கையில் இறங்கும்.

துணைக்கு ஒரு வாகனம் வைப்பதாக இருந்தால், அது குழுவின் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. நெடுஞ்சாலையில் மெதுவாக ஊரும் கார், பின்னால் வரும் பேருந்தைத் திடீரென வலப்புறம் விலக வைக்கும். ஆபத்தை அதுவே உண்டாக்கும். 25 கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிற்கட்டும்.

8. ஒரு நாளின் நேர ஒழுங்கு

நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குப் புறப்படுங்கள். இந்த மாதங்களில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் எழும் என்பதால் முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் கட்டாயம். பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள். பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்துவிட வேண்டும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழல். மீதியை மாலை ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு ஓட்டும் நிலை வந்தால் அது அன்றைய திட்டத்தின் பிழை.

தாமதம் பெரும்பாலும் சாலையில் நேர்வதில்லை, அறையில் நேர்கிறது. ஒருவர் காற்றடிப்பார், ஒருவர் சார்ஜரைத் தேடுவார், மற்றவர்கள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். காற்று, செயின், பை, தண்ணீர் எல்லாவற்றையும் இரவே முடித்துவிட்டுத் தூங்குங்கள். கடற்காற்றின் உப்பு செயினைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், தினமும் பழந்துணியால் துடைத்து எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததையும் துடைக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

9. சாலையில் வரிசை

ஒற்றை வரிசை, இடது ஓரம், பேசிக்கொண்டு இணையாக ஓட்டுவதில்லை. முன்னால் பாதை அறிந்த ஒருவர், கடைசியில் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர். கடைசியாள் எவரையும் பின்னால் விட்டுவிட்டு முன்னேறக் கூடாது; அவரைக் கண்ணால் பார்த்தால்தான் குழு முழுவதும் வந்துவிட்டது என்று பொருள்.

ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிச் சென்றால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட வேண்டும். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் வந்துவிட்டால், அவர் ஒரு குழியைத் தவிர்க்கச் சற்றே விலகினாலும் இரண்டும் உரசும். விழுபவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவர், ஏனெனில் திசையைக் காக்கும் சக்கரம் அவருடையது. குழி, வேகத்தடை, நாய், நிறுத்தம் எல்லாவற்றுக்கும் முன்னவர் கையைக் காட்டிச் சத்தமாகவும் சொல்ல வேண்டும், ஒவ்வொருவரும் அதைப் பின்னவருக்குக் கடத்த வேண்டும்.

சிதம்பரத்துக்குத் தெற்கே, தை மாதத்தில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், சில இடங்களில் வைக்கோல் பரந்து கிடக்கும். நெல்லின் மீது ஏற்றாதீர்கள்: ஒருவருடைய ஆண்டு உழைப்பு அது, மேலும் சக்கரம் வழுக்கும். வைக்கோலின் மீது போக நேர்ந்தால் மிதிப்பதை நிறுத்தி உருளவிடுங்கள். நீளத் தாள்கள் செயினோடு ஏறிப் பின்பக்கக் கியர் மாற்றியின் சின்னப் பற்சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும்; அப்போது அழுத்தி மிதித்தால் மேலே சொன்ன ஹேங்கர் உடையும். ஏதோ சிக்கியது தெரிந்த உடனே இறங்கி, பெடலைப் பின்புறமாகச் சுழற்றியபடி தாள்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். வெட்ட நினைத்தால் துண்டுகள் உள்ளேயே தங்கிவிடும்.

10. பஞ்சர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேல மரங்கள். ஓரத்து மண்ணில் இறங்கினால் முள் நிச்சயம், ஆகவே ஓய்வுக்கு நிறுத்தும்போது சைக்கிளைத் தார்ச்சாலை விளிம்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வையுங்கள், உருட்டாதீர்கள்.

டியூபை மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். முள்ளைத் தேடுவதில்தான் தவறுகிறார்கள். முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல், உள்பக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் வேகமாகத் தடவினால் தோல் கிழியும், மெதுவாகத் தடவினால் தவறிவிடும். ஒரு மெல்லிய பருத்தித் துணியை டயரின் உள்பக்கம் முழுச் சுற்று இழுத்துக்கொண்டு வாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளாமல், உள்ளிருந்தே இடுக்கியால் பிடுங்க வேண்டும். பிறகும் ஒரு முறை துணியை எதிர்த்திசையில் இழுத்துப் பாருங்கள். தேவிபட்டினத்துக்கு அருகே ஒரே டயரில் மூன்று டியூப் போனதற்கு, நாங்கள் முதல் முள்ளை எடுத்ததும் தேடுவதை நிறுத்தியதே காரணம்.

ஒருவருக்குப் பஞ்சர் என்றால் இருவர் மட்டும் அவரோடு நிற்கட்டும். மற்றவர்கள் அடுத்த நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கலாம்.

11. உணவும் நீரும்

பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும்; பசி தெரியும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கும். முக்கால் மணிக்கு ஒரு முறை ஏதாவது சிறிது: வாழைப்பழம், கடலைமிட்டாய், பேரீச்சை. திருச்செந்தூரைத் தாண்டியதும் உடன்குடிக் கருப்பட்டி கிடைக்கும், ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஓட்டலாம். காலையில் இட்லி நல்லது. மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்டால் மூன்று மணிக்கு முன் சைக்கிளில் ஏறாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். கலப்பதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. சைக்கிள் பாட்டில் பெரும்பாலும் 600 அல்லது 750 மில்லிலிட்டர். அதில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு கூடிப்போய்க் குமட்டும், குடிப்பவர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்து, பிறகு சைக்கிள் பாட்டிலில் ஊற்றுங்கள், அல்லது 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலங்களை வாங்குங்கள். மீமிசல் முதல் ராமநாதபுரம் வரை கடைகள் விட்டு விட்டுத்தான் வரும். கடையைக் கண்டால் பாட்டில் பாதி நிறைந்திருந்தாலும் நிரப்பிவிட வேண்டும்.

12. மனம் தளரும் இடங்கள்

மூன்றாம் நாள் முற்பகலும், ஐந்தாம் நாள் பிற்பகலும் ஏறக்குறைய எல்லோருக்கும் சரிவு வரும். மூன்றாம் நாள் உடல் காரணம்: இருக்கைப் புண், தூக்கக்குறைவு, சுண்டுவிரல் மரத்துப்போவது. கைப்பிடியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிப் பிடித்தால் மரப்பு குறையும். ஐந்தாம் நாள் காரணம் வேறு; பாதி கடந்தாயிற்று, முடிவு இன்னும் கண்ணில் இல்லை.

அடையாளம் ஒன்றுதான்: கலகலப்பாக இருந்தவர் பேசாமல் ஓட்டத் தொடங்குவார். மீமிசலைத் தாண்டி ஒரு மதகின் கட்டைச்சுவரில் எங்களில் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடுறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அப்போது அறிவுரையோ உற்சாகப் பேச்சோ உதவாது. கடைசியாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டையின் பின்பைகளைத் தடவிப் பார்த்தார். காலையில் கொடுத்த நான்கு கடலைமிட்டாயும் அப்படியே உறை பிரிக்காமல் இருந்தன. இரண்டைப் பிரித்துக் கையில் கொடுத்தார், ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ். கொடுத்தார், இருபத்தைந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு அவராகவே எழுந்தார். தொண்டிக்குள் நுழைந்தபோது வரிசையில் முதலாவதாக இருந்தார். அன்று குழுவில் எல்லோருக்கும் இருந்த மகிழ்ச்சியை நான் வேறெந்த நாளிலும் கண்டதில்லை.

எனவே வரிசை இதுதான்: முதலில் உணவு, அடுத்து நீர், அடுத்து நிழல். இவை மூன்றும் முடிந்து அரை மணி நேரம் கழிந்த பின்பே பேருந்தைப் பற்றிப் பேசுங்கள். தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்; நிழலில் கிடத்தி உடலில் தண்ணீர் ஊற்றி, 108ஐ அழையுங்கள்.

13. கடைசிக் காலையும் திரும்புதலும்

எட்டாம் நாள் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும். அஞ்சுகிராமத்தில் நின்று எல்லோரும் சேர்ந்த பிறகே நகருங்கள். அங்கிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கடைசியாளை முன்னால் விடுங்கள். எட்டு நாளும் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு வந்தவர் அவர்.

ரயிலில் சைக்கிளை அனுப்ப, முந்தைய நாளே கன்னியாகுமரி நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அதே ரயிலில் பயணச்சீட்டு இருந்தால் லக்கேஜாகப் பதியலாம், இல்லையென்றால் பார்சல். ரயில் புறப்படும் நிலையத்தில் ஏற்றுவதே நல்லது. இடையிலுள்ள நிலையங்களில் சில நிமிடமே நிற்பதால் எட்டு சைக்கிள்களை ஏற்றி முடியாது. பயணச்சீட்டின் நகல், அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றோடு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

விளக்கு, பாட்டில், மீட்டர், பைகளைக் கழற்றிவிடுங்கள். கியர் மாற்றியைக் கடைசிப் பல்லுக்கு, அதாவது பெரிய பற்சக்கரத்துக்குத் தள்ளினால் அது உட்பக்கமாக ஒடுங்கி நிற்கும். அதன் மேல் அட்டையைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். பெயர், கைப்பேசி எண், சேருமிடம் ஆகியவற்றைத் துணியில் எழுதி இரண்டு இடத்தில் தைத்துவிடுங்கள், தாள் கிழிந்துபோகும். எழும்பூரில் ரசீதைக் காட்டி எடுத்தவுடன் அங்கேயே இரு சக்கரங்களையும் சுழற்றிப் பார்த்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, டேப் ஒட்டிய அடையாளத்தில் சீட் இருக்கிறதா என்று பார்த்த பின்பே வீட்டுக்கு ஓட்டுங்கள்.